மேல்தட்டுத் தயிர்

பிப்ரவரி 3

ஃப்ரிட்ஜின் நடுவில் அக்கா நீல டேப் ஒட்டிவிட்டாள். மேல்தட்டு அவளுக்கு, கீழ்த்தட்டு எனக்கு. விருந்தாளிகள் முன்னால் அவள் வைத்த சூப்பில் உப்பு தூக்கல் என்று நான் ஒரு வார்த்தை சொன்னதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம். தனி வீடு வேறு பார்க்கிறாளாம். போகட்டும். காலையில் குளியலறைக் கதவைத் தட்டுகிற வேலை மிச்சம்.

பிப்ரவரி 9

ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கூடப்பிறந்தவர்கள் தனித்தனியே சமைத்துச் சாப்பிட ஆரம்பித்தால் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் எப்படி மாறுகின்றன என்று ஆராய்கிறார்களாம். ஒருவர் சாப்பாட்டை மற்றவர் தொடக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இருவரும் ஒரே மூச்சில் சரி என்றோம். எனக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அறிவியலே சொல்லிவிட்டால் நல்லதுதானே?

ஆளுக்கொரு மூடி போட்ட டப்பா கொடுத்தாள். அதில் என்ன கேட்டாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 21

அக்காவின் தயிர் புளித்துவிட்டதா என்று பார்க்க ஒரு கரண்டி எடுத்தேன். புளிக்கவில்லை.

பிப்ரவரி 22

இன்றும் புளிக்கவில்லை.

மார்ச் 14

என் சூப் குறைகிறது. ஆவியாகிறதோ? ஃப்ரிட்ஜுக்குள் எப்படி ஆவியாகும்?

ஏப்ரல் 26

அக்காவுக்கு வீடு அமைந்துவிட்டது. ஜூன் முதல் தேதி லாரி வரும். வீட்டுத் தரகரிடம் போனில் என்ன சிரிப்பு! என்னிடம் அப்படிச் சிரித்து எத்தனை நாளாகிறது? இத்தனை வருஷம் ஒண்ணா இருந்துட்டு — உப்புக்காகவா போவாங்க? போகாதேன்னு சொல்ல வாய் வருதா எனக்கு? அதுவும் இல்ல.

போய்த் தயிர் சாப்பிட்டேன். நாலு கரண்டி.

மே 10

இரண்டாவது டப்பாக்களையும் கொடுத்தாயிற்று.

மே 24

ஆய்வுக்கூடத்துப் பெண் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். எங்கள் நுண்ணுயிர்கள் விலகவே இல்லையாம், முன்பைவிட நெருங்கியிருக்கின்றனவாம். ஒரே ஆள் இரண்டு டப்பாவையும் நிரப்பிவிட்டதாகச் சந்தேகப்பட்டு மறுபடி சோதித்தார்களாம். “ஒருத்தர் சாப்பாட்டை இன்னொருத்தர் தொடறதே இல்லதானே?” என்று கேட்டாள், பாவம்.

நான் தரையைப் பார்த்தேன். அக்கா டேப்பைப் பார்த்தாள்.

“தயிர் குறையறது எனக்கு எப்பவோ தெரியும்,” என்றாள். “அதான் தினமும் ஒரு டம்ளர் பால் கூட ஊத்தி உறை போட்டேன்.”

“அப்போ என் சூப்பு?”

“அதுல உப்பே இல்ல. போட்டுத்தான் குடிச்சேன்.”

ஆராய்ச்சியிலிருந்து எங்களை நீக்கிவிட்டார்கள். நியாயம்தான்.

ஜூன் 1

லாரி வரவில்லை. அந்த வீட்டுச் சமையலறையில் ஃப்ரிட்ஜ் வைக்க இடம் இல்லை, அதனால் வேண்டாம் என்று தரகரிடம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஃப்ரிட்ஜ் என்னுடையது. நான் ஞாபகப்படுத்தவில்லை.