எண் ஒட்டாத பாட்டில்

மார்ச் 4
மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்து, வராமலே போய்விட்டது. ஆய்வகத்தில் இன்று இருபத்தாறு பாட்டில்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டுக் கிணறு. யுரேனியம் இருந்தால் தண்ணீர் கருவிக்குள் பச்சையாக ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது, திரையில் எண்ணாக மட்டும் வரும். நான் அந்தப் பச்சையை மனதுக்குள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். லிட்டருக்கு முப்பது மைக்ரோகிராமைத் தாண்டினால் 'குடிக்கக் கூடாது' என்று சிவப்பு முத்திரை.

மார்ச் 9
அண்ணன் தைத்துக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்துவிடுகிறான். பரிசோதனையில் சிறுநீரில் புரதம் போகிறதாம். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறதாம். "நிறைய தண்ணி குடிங்க" என்றார் மருத்துவர்.
"தண்ணிக்கா பஞ்சம் நம்ம வீட்ல?" என்று சிரித்தான் அண்ணன். அவன் போட்ட ஆழ்துளைக் கிணறு. தெருவுக்கென்று மதிலுக்கு வெளியே ஒரு குழாயும் வைத்திருக்கிறான்.

மார்ச் 10
இன்றிலிருந்து அவனுக்குக் காய்ச்சிய தண்ணீர்தான். ஒரு பானை அரைப் பானையாகும்வரை கொதிக்கவிட்டேன்.
"ஏய் சொட்டு, தண்ணியா வைக்கிற, கஷாயமா?"
சிறு வயதிலிருந்தே நான் அவனுக்குச் சொட்டுதான்.

மார்ச் 22
நாளுக்கு நான்கு பாட்டில் குடிக்கிறான். எனக்கு மனசு நிறைந்திருக்கிறது.

ஏப்ரல் 2
ஆய்வகத்தில் எல்லோரும் செய்யும் தப்புதான். மீந்துபோன சோதனை பாட்டிலைக் கழுவி, அதிலேயே குடிக்கத் தண்ணீர் கொண்டு போவோம். மத்தியானம் மேசையில் தலை சாய்த்தேன். எங்கோ தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் ஒரு சுகம். மேலாளர் குரலில் விழித்தேன்.
"இது எந்தக் கிணறும்மா? நம்பரே ஒட்டல. எண்பத்தெட்டு காட்டுது."
என் பாட்டில். வீட்டில் காய்ச்சிய தண்ணீர்.
"மிஷின் கோளாறா இருக்கும் சார்" என்றேன். மூன்று முறை வைத்துப் பார்த்தோம். அதே எண்பத்தெட்டு.

ஏப்ரல் 3
இன்று குழாயிலிருந்து நேராகப் பிடித்துக்கொண்டு போனேன். நாற்பத்தாறு.
அதுவே அதிகம். மீதி? மீதி நான் சேர்த்தது. ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்தான். யுரேனியம் போகவில்லை, பானையிலேயே தங்கிவிட்டது. பதினொரு வருஷமா ஊருக்கெல்லாம் முத்திரை குத்தினேனே, எங்க வீட்டுக் குழாய ஒரு தடவ பார்த்தேனா? என் கையாலயே ஊத்திக் கொடுத்தேனே — பாவி.

ஏப்ரல் 4
சொன்னேன். அவன் தைப்பதை நிறுத்தவில்லை.
"தெருவே குடிக்குது. யாருக்கு என்ன ஆச்சு?"
"உனக்கு ஆச்சே அண்ணா."
மருத்துவரிடம் அழைத்துப் போனேன். "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இனிமே அந்தத் தண்ணியத் தொடாதீங்க" என்றார்.
இப்போது கேன் தண்ணீர். சப்பென்று இருக்கிறதாம். ஆனால் வெளிக்குழாயை மூட மாட்டானாம். "தண்ணி கேட்டு வர்றவங்ககிட்ட இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது."

ஏப்ரல் 15
மத்தியானத் தூக்கத்தில் ஒரு கனவு. தெரு முழுக்க மெல்லிய பச்சை வெளிச்சம். அழகாகத்தான் இருந்தது. அண்ணன் குடம் குடமாகப் பிடித்துக் கொடுக்கிறான், வாங்குகிறவர்கள் கைகளெல்லாம் ஒளிர்கின்றன. கூப்பிடப் பார்க்கிறேன், குரல் வரவில்லை.
விழித்தபோது குழாய் நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரி, குழந்தையின் பள்ளி பாட்டிலோடு. ஓடிப்போய்ச் சொன்னேன்.
"உங்க அண்ணன் ஒண்ணும் சொல்லலையே?" என்றாள்.
'குடிக்கக் கூடாது' என்று எழுதிக் குழாய்மேல் நான் ஒட்டிவைத்த தாளையும் காணோம். கிழித்தது யார் என்று கேட்கத் தேவையில்லை.

ஏப்ரல் 16
அண்ணனோடு பேச்சில்லை.

ஜூன் 11
புரதம் நன்றாகக் குறைந்திருக்கிறது! அண்ணன் அறிக்கையை இரண்டு தடவை படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், ஒன்றுதான் கேட்டான்.
"எதிர்வீட்டுக் குழந்தைக்கும் பாக்கணுமா, சொட்டு?"
"பாக்கணும்ணா."

ஜூன் 12
காலையில் எழுத உட்கார்ந்தால் நோட்டின்மேல் வெளிக்குழாயின் கைப்பிடி கிடக்கிறது. ஈரம் காயவில்லை. அட்டையில் வட்டமாக ஊறியிருக்கிறது.
தையல் இயந்திரத்தின் சத்தம் இல்லை. ஜன்னல் வழியாக அண்ணன் குரல் கேட்கிறது, எதிர்வீட்டு வாசலிலிருந்து:
"உள்ள வரலாமாம்மா? தண்ணியப் பத்தி ஒண்ணு சொல்லணும். முன்னாடியே சொல்லியிருக்கணும்."