அண்ணி சிக்கின இடங்கள்

என் அன்பான அண்ணிக்கு,

நீங்கள் போன பிறகு உங்களுக்கு எழுத உட்கார்வது இதுதான் முதல் முறை. உங்கள் தறியில் இப்போது அண்ணன் நெய்கிறார். காபியில் சர்க்கரை குறைந்தால் இன்னும் உங்கள் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

சொல்ல வந்தது வேறு. சேலைக் கரைக்கு டிசைன் வரைய நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மென்பொருள் செய்தோமே, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இணையத்தில் வைத்தோமே, நினைவிருக்கிறதா? அதற்குத் தமிழில் வழிகாட்டி எழுதியது நான். முதலில் படித்துப் பார்த்தது நீங்கள்.

"திறந்ததும் வரும் மாதிரி டிசைனை அழித்துவிட்டுத் தொடங்கவும். இது மிக எளிது" என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். நீங்கள் அழிக்கவில்லை. அதன் மேலேயே உங்கள் அன்னத்தை வரைந்தீர்கள். அச்செடுத்துப் பார்த்தால், அன்னத்தின் முதுகில் மாதிரியின் மாங்காய் உட்கார்ந்திருந்தது.

"அழிக்கச் சொல்லித்தானே அண்ணி எழுதியிருக்கேன்? படிக்கவே இல்லையா?" என்று கத்தினேன்.

"படிச்சேம்மா. ஓடிக்கினு இருந்த தறியில பழைய பாவு நூலை யாருனா சுத்தமா வெட்டிப் போடுவாங்களா? அதும் நுனியிலதானே புதுப் பாவு நூலைப் பிணைக்கணும்? எல்லாத்தையும் அழின்னா கை வருமா? இதுல எளிதுன்னு வேற போட்டு வச்சிருக்கற. எனக்கு வரலைன்னா நான் மக்குன்னு ஆவுது."

பிறகு நீங்களே சிரித்தீர்கள். "நாத்தனார் அதட்டறதுக்கு கம்ப்யூட்டர் வேற வேணுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் நாள் 'எளிது' என்ற சொல்லை வழிகாட்டி முழுக்கத் தேடி எடுத்தேன். பதினோரு இடம். மாதிரி அப்படியே இருக்கட்டும், அதில் ஒரு பூவை மட்டும் மாற்றிப் பாருங்கள் என்று முதல் வரியைத் திருத்தினேன். நீங்கள் எங்கெல்லாம் சிக்கி நின்றீர்களோ, அங்கே கேட்டதைக் கேட்டபடியே எழுதி, பதிலும் சேர்த்துக் கடைசியில் ஒரு பக்கம் வைத்தேன். 'அண்ணி சிக்கின இடங்கள்.'

போன மாதம் குழுவில் ஒருவர், வெளியூர்க்காரர், அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம் என்றார். பேச்சுத்தமிழில் இருக்கிறது, நீளம், பார்க்க ஒழுங்காக இல்லை. நானும் தலையாட்டிவிடப் பார்த்தேன். ஏன் அண்ணி? உங்களைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசினால் அழுதுவிடுவேன் என்றா?

அந்த வாரமே ஐயம்பேட்டையிலிருந்து, தறி நெய்கிற ஒரு அம்மா எழுதினார். சேமித்த டிசைன் எங்கே போனது என்று தெரியாமல், எல்லாவற்றையும் விட்டுவிட இருந்தாராம். "அதே கேள்விய அண்ணியும் கேட்டிருக்காங்க. நான் மட்டும் மக்கு இல்லன்னு தெரிஞ்சுது. கரை வரைஞ்சி முடிச்சிட்டேன். அந்த அண்ணி நம்பர் தருவீங்களா? ஒரு வார்த்தை பேசணும்."

அதை அப்படியே குழுவுக்கு அனுப்பினேன். நீங்கள் இல்லை என்பதையும் சொன்னேன். அழத்தான் செய்தேன். எடுக்கச் சொன்னவரே, "கடைசியில வேணாம், முதல் பக்கமா வைங்க" என்றார்.

அந்த அம்மாவுக்கு என்ன பதில் எழுதுவது? எழுதி எழுதி அழித்தேன். பிறகு, 'அண்ணி இப்போ இல்லைங்க. நீங்க சிக்கின இடத்தைச் சொல்லுங்க, அவங்க கேள்விக்குக் கீழே சேர்க்கிறேன்' என்று எழுதினேன். நேற்று ஏழு கேள்வி வந்திருக்கிறது. ஒன்றுக்கு எனக்கே பதில் தெரியவில்லை.

அன்று கத்தியதற்கு நீங்கள் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நன்றியும் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் சொல்கிறேன், அண்ணி. நான் இருக்கும்வரை அந்தப் பக்கத்தை யாரும் வெட்ட விடமாட்டேன். புதிதாக வருகிறவர்கள் உங்கள் நூல் நுனியிலிருந்தே பிணைத்துக்கொள்ளட்டும்.

உங்களை அதட்டிய நாத்தனார்,
வசந்தி