மேசைக்குப் பின்னால் கால்

1961, தை வெள்ளி, இரவு.

மூத்த பேரன் டாக்டராகிவிட்டான். பேத்தி வள்ளி பி.ஏ. தேறிவிட்டாள். இளையவன் முத்து அமெரிக்காவில் இன்ஜினீயருக்குப் படிக்கிறான். காலில் பலகை கட்டிக்கொண்டு பனிமலையில் சறுக்கினானாம். மலையிலிருந்து இறங்கி வந்து அங்கே ஒரு காப்பிக் கடையில் சிரித்தபடி எடுத்த படம் இன்று தபாலில் வந்தது.

வள்ளியோடு புதுக்கோட்டைக் கடைவீதிக்குப் போனேன். ஒரு கிளப்பில் ரவா தோசை, அடுத்ததில் அல்வா, கடைசியில் காப்பி. ஏறின கடையிலெல்லாம் படத்தைக் காட்டினேன். காப்பிக் கடைக்காரர் உற்றுப் பார்த்தார்.

"பேரன் ராசாவாட்டம் இருக்காரு ஆச்சி. சறுக்குன காலைத்தான் காணோம்!"

வள்ளி சிரித்தாள். "மேசை மறைக்குது அப்பத்தா. காப்பியக் குடிங்க."

காப்பியைத் தள்ளி வைத்துவிட்டுப் படத்தை மறுபடி பார்த்தேன். சின்னதில் முத்து வேப்பமரத்திலிருந்து விழுந்து கை முறிந்தபோதும், கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இதே சிரிப்புத்தான் சிரித்தான்.

காலையில் எழுத வேண்டும். ராசா, நீ நிற்கிற மாதிரி, பாதம் தெரிய, புதுப் படம் ஒன்று எடுத்து அனுப்பு.