மாதா தாண்டிப்போன வீடு

செப்டம்பர் 28, ஞாயிறு
பூச்சி, பட்டியல் எழுத உட்கார்ந்தேன். ஜெபமாலை மாதம் பிறக்கப் போகிறது. எந்த நாள் எந்த வீட்டுக்கு மாதா சுரூபம் போக வேண்டும் என்று நம் தெரு ஜெபக்குழுவான அன்பியத்துக்கு எழுதுவது நான்தானே. அஞ்சாவது படித்தவளுக்கு அதுவே பெரிய பதவி. பதினாறு வீடு எழுதிவிட்டேன். தெருக்கோடியில் உன் வீடு. பேனா நின்றுவிட்டது.

செப்டம்பர் 29
போன வருசம் நீயே வந்து கேட்டாய். "அக்கா, எங்க வீட்டுக்கும் மாதா வருவாங்களா?"
வராது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நம் கோயிலில் கட்டாத கல்யாணம், உன் வீட்டுக்காரர் இந்து, நாலு பேர் பேசுவார்கள் — மனசில் இருந்தது இது. வாயில் வந்தது, "பாக்கலாம் பூச்சி."
நீ அதை நம்பிவிட்டாய். முக்காடு போட்டு, மெழுகுத்திரி ஏற்றி, வாசலில் நின்றாய். சுரூபத்தைத் தூக்கி வந்தவள் நான். உன் வாசல் வந்ததும் பாட்டைச் சத்தமாகப் பாடினேன், நீ கூப்பிட்டால் காதில் விழக்கூடாது என்று. நீ கூப்பிடவே இல்லை.
மறுநாள் குழாயடியில் "பரவால்லக்கா" என்றாய். அதோடு சரி.

அக்டோபர் 1
ஜனவரியில், நீ சாகிறதுக்கு முந்தின நாள், மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் வாயில் குழாயோடு கிடந்தாய். கண் மட்டும் என்னைப் பார்த்தது. மன்னிச்சிடுடீ என்று சொல்லவில்லை. பக்கத்தில் நர்ஸ் இருந்தாள். அதுக்கா வெட்கப்பட்டேன்? சீ.

அக்டோபர் 4, சனி
பாவசங்கீர்த்தனம். ஸ்தனிஸ்லாஸ் ஃபாதரிடம் எல்லாம் சொன்னேன். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லி அனுப்புவார் என்று நினைத்தேன்.
"அந்த வீட்ல இப்ப யாரும்மா இருக்காங்க?"
"அவ புருசன் மட்டும், ஃபாதர்."
"மாதாவ அங்க தூக்கிட்டுப் போங்க. அவர்கிட்ட மன்னிப்பு கேளுங்க. அதான் உங்க பரிகாரம்."


அக்டோபர் 5
பதினேழாவது வீடாக உன் வீட்டை எழுதினேன். அன்பியத் தலைவி லூர்துராணி அக்கா பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஏன் டெல்பின், அங்க யாரு ஜெபம் சொல்லுவா? விபூதிப் பட்டையோட நிப்பாரே மனுசன்" என்றார்.
"தூக்குறது நாந்தானக்கா. நான் தூக்கிட்டுப் போறேன்."
சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 11
அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் கதவைப் பூட்டிவிடுவாரோ? இன்றும் பயம்தான், பூச்சி. உன் அக்கா மாறவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி
ஆறரை மணிக்குப் போனோம். வெங்காய மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார் உன் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி. என்னைப் பார்த்ததும் எப்போதும் அக்கா என்பவர் இன்று அப்படிக் கூப்பிடவில்லை. சுரூபத்தையே பார்த்தார்.
"அன்னிக்கு ரெண்டு கிலோ கொண்டக்கடலை அவிச்சா. நான் ஸ்ரீரங்கம் போயி சம்பங்கி மாலை வாங்கியாந்தேன். மூணு நாளு அந்தச் சுண்டலத்தான் தின்னோம்."
பின்னால் எல்லோரும் நிற்கிறார்கள். இந்தத் தடவை சொன்னேன். "தப்பு என்னுதுதான் தம்பி. வேணும்னேதான் தாண்டிப் போனேன். மன்னிச்சிடுங்க."
கையை நீட்டினார். "மாதாவக் குடுங்க. அவங்க உள்ள வரட்டும். எல்லாரும் வாங்க. நீங்க மட்டும் வாசல்லயே நில்லுங்க."
உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். லூர்துராணி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். அவர்கள் உள்ளே ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கும் ஜெபம் சொன்னார்கள். நான் தெருவிலிருந்து பதில் சொன்னேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அக்டோபர் 18
சுரூபத்தை எடுக்கப் போனேன். வாசலிலேயே நின்றேன். "உள்ள வந்து எடுத்துக்கங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "...க்கா."
உன் படத்தில் சம்பங்கி மாலை. மாதாவுக்கும் ஒன்று.
முக்கால் மணி நேரம் நின்றதற்கே நேற்றிலிருந்து கால் கடுக்கிறது. போன வருசம், நாங்க தாண்டிப் போன பிறகும், நீ எவ்வளவு நேரம் அங்கயே நின்ன, பூச்சி?