யார் பெத்த பொண்ணோ

நைனா,

மூக்கு வைத்த பீங்கான் கோப்பையை நீ மறந்திருக்க மாட்டாய். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குத் தலையைத் தூக்காமலே கஞ்சி புகட்டுவோமே, அதுதான். இன்று காலை வார்டில் ஒரு தெலுங்குக் கிழவருக்கு அதில் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏ தல்லி கன்ன பிட்டவோ" என்றார். எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ என்று வாழ்த்துகிறாராம். நான் மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அழவில்லை. கோபம்தான் வந்தது. நீ செத்து இத்தனை வருஷமாகியும் உன்மேல் அப்படியொரு கோபம்.

கட்டியவன் ரங்கூனுக்குக் கப்பலேறி என்னை அடியோடு மறந்தபோது, மூலையில் முடங்கியிருந்த என்னை எழுப்பியது நீதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு நம் பெண்களையும் எடுக்கிறார்கள், சாப்பாடும் தங்க இடமும் உண்டு என்று நீ வேலைபார்த்த லஸ் ஜவுளிக்கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். "ஒயச்சி துன்றதுக்கு இன்னா கண்ணு வெக்கம்? எய்ந்துரு" என்றாய். என் முதல் வெள்ளைப் புடவை நீ உன் கையால் கிழித்துக் கொடுத்த மல் துணி. டிராமில் அதன் மடிப்பு கலையாமல் மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். உன்னைப் போல் ஒரு தகப்பன் மயிலாப்பூரிலேயே கிடையாது என்று நினைத்தேன். பைத்தியக்காரி.

படிப்பு முடிந்து அங்கேயே வேலையும் கிடைத்தது. சட்டைக்கார ஆங்கிலோ இந்தியப் பெண்களுக்குத் தனி மேசை, எங்களுக்குத் தனி மேசை. மலச்சட்டி எடுப்பது மட்டும் பெரும்பாலும் எங்கள் பங்கு. ஞாயிற்றுக்கிழமை நீ நெத்திலி வறுவலோடு ஆஸ்பத்திரி கேட்டுக்கு வருவாய், எல்லாம் மறந்துபோகும். வீட்டுக்கு வருகிறேன் என்றால்தான் ஏதாவது சாக்கு. "தெருவுல அம்மை போட்டுக்கீது." "வூட்டுக்கு வெள்ளையடிக்கறாங்க." நம் வீட்டுக்கு மட்டும் வருஷம் பூராவும் வெள்ளையடித்தார்கள், நைனா. நானும் நம்பினேன்.

ஜில்லாக்களில் புது ஆஸ்பத்திரிகள் திறந்துகொண்டிருந்த காலம். பயிற்சி பெற்ற நர்ஸுக்கு அவ்வளவு கிராக்கி. பல்லாரியில் எனக்குத் தலைமை நர்ஸ் வேலை வந்தது, தனி வீட்டோடு. "நல்ல உத்தியோகம், போ கண்ணு" என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். உன்னை விட்டுப் போக மனமில்லாமல் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். அதைக் கேட்டு உன் முகம் ஏன் சுருங்கியது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பங்குனித் தேரன்று மாடவீதி நெரிசலில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, கடைசியில் என் வார்டுக்கே வந்து சேர்ந்தாய். பக்கத்தில் ஆளில்லாதபோது "கண்ணு" என்பாய். ஒரு நாள் சாயந்திரம் தங்கையைப் பெண் கேட்டிருந்த சைதாப்பேட்டைக்காரர்கள் உன்னைப் பார்க்க வந்தார்கள். தங்கையும் கூட வந்தாள். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் உன் தோளுக்கடியில் கைகொடுத்துத் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் பெரியம்மா மூக்கில் விரல் வைத்தாள். "இன்னாடி இது, ஆம்பளைங்கள இப்டித் தொட்டுத் தூக்கறாங்க! நம்ம வூட்டுப் பொண்ணுங்களுக்கு இதெல்லாம் ஆவுமா?"

"ஆவவே ஆவாது" என்றாய் நீ.

"உங்க பெரிய பொண்ணு வரலையா?" என்றாள் அவள்.

"அது பல்லாரில டீச்சரா கீது. லீவு குடுக்க மாட்டேன்றாங்களாம்."

நான் வேண்டாமென்ற ஊருக்கு என்னை எப்போதோ அனுப்பிவிட்டிருக்கிறாய். கோப்பையை உன் வாயில் வைத்தேன். குடித்தாய். அத்தோடு பேசாமல் இருந்திருந்தாலாவது நான் பொறுத்திருப்பேன். தங்கை கல்யாணம், ஊர் வாய் என்று உனக்காக நானே நியாயம் கற்பித்திருப்பேன். நீ அவர்களைப் பார்த்துச் சிரித்தபடி, "யார் பெத்த பொண்ணோ, நல்லா இருக்கட்டும்" என்றாய். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

அதன்பின் நீ "கண்ணு" என்று கூப்பிட்டபோதெல்லாம் "இன்னா வேணும் பெரியவரே?" என்றுதான் கேட்டேன். சளி நெஞ்சுக்கு இறங்கி நீ போனபோது கண்ணை மூடியதும் தாடையைக் கட்டியதும் உடம்பைத் துடைத்ததும் நான்தான். வார்டு வாசலில் அந்தப் பெரியம்மா கேட்டாள்: "பெரிய பொண்ணுக்குத் தந்தி அடிக்கணுமே, வெலாசம் யாருக்குத் தெரியும்?" தங்கை என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. "பல்லாரிலேந்து வந்து சேர நாளாவும். நீங்க எடுத்துக்கினு போங்க" என்றேன். அவளுக்காகத்தான் சொன்னேன், உனக்காக இல்லை.

அடுத்த முறை பல்லாரிக்கு ஆள் கேட்டபோது நானே முன்வந்தேன். இப்போது இங்கேதான் இருக்கிறேன். உன் பொய்யில் ஊர் மெய்யாகிவிட்டது. வேலை மட்டும் நர்ஸ் வேலை, அதை நான் யாரிடமும் மறைப்பதில்லை.

அலமாரிக்குப் பின்னாலிருந்து திரும்பிப் போய்க் கிழவர் பக்கத்தில் நின்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில், மதராஸ், மயிலாப்பூர், லஸ் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தவர் மகள் என்றேன். உன் பெயரையும் சொன்னேன், அடுத்த கட்டிலுக்கும் கேட்கும்படி. இங்கே யார் அப்படி வாழ்த்தினாலும் சொல்லிவிடுகிறேன்.

நீ ஒரு தடவை சொல்லியிருக்கலாம், நைனா.