பனைநேரிப் படத்தின் தென்பாதி

1973 பிப்ரவரி 4, ஞாயிறு

காலையில் பனி. மாடிக் கொடியில் கிடந்த வேட்டி காயவில்லை. குழாயில் தண்ணீர் நூலாக வந்து, விடியுமுன்பே நின்றுவிட்டது. மனைவி மீனாட்சி எழுந்து பிடித்ததால் பிழைத்தோம். மந்தைவெளி முழுக்க இதே பேச்சுதான்.

மாலை தி.நகர். பனைநேரி ஊர்ச் சங்கக் கூட்டம், வழக்கம்போல் வேலாயுதம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடை மாடியில். போர்வைக் கட்டுகளுக்கு நடுவே ஜமுக்காளம், சுக்குக் காப்பி. சென்னைக்குப் பிழைக்க வந்த எங்கள் ஊர்க்காரர்கள். ஊரின் வரலாறும் புவியியலும் சேர்த்து ஒரு நூல் சித்திரையில் வரவேண்டும் என்பது தீர்மானம். எழுதுவது நான். ஓய்வு பெற்ற நிருபருக்கு வேறென்ன வேலை என்று அண்ணாச்சி முடிவு கட்டிவிட்டார். அச்சுச் செலவு அவருடையது. வெளியீட்டுக்கு ஒரு அமைச்சர் வருகிறார். முதல் பிரதி அவர் கையில்.

எழுதி முடித்தவை: செம்மண், தேரி மணல்மேடு, பனை. மேற்கே ஏரி. கருப்பட்டிச் சந்தை. பஞ்சு மில். ராஜாவின் குதிரை தண்ணீர் குடித்ததால் ஊர் பிறந்தது என்ற கதையை எடுத்துவிட்டேன், ஆதாரம் இல்லை. இரண்டு பேருக்கு வருத்தம்.

மீதி: படம். சில ஞாயிறுகளாக ஒரு பெரிய தாளில் எல்லோரும் நினைவிலிருந்து வரைந்து வந்தார்கள். இன்று முடிந்தது. சண்டை ஓயவில்லை.

"பிள்ளையார் கோயிலை இன்னும் மேக்க தள்ளும்வே. எங்க வாசல்ல கொண்டாந்து வச்சிருக்கீரு."

"உம்ம வாசல்ல இருந்தாலாவது அவருக்குக் கொழுக்கட்டை கிடைக்கும்லா."

தெருவைப் போட்டதும் ஒவ்வொருவரும் தன் வீட்டருகே உள்ள நகராட்சிக் குழாயை ஒரு சின்ன வட்டமாகப் போட்டார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்தது எங்கள் ஊரில் அவ்வளவு பெரிய விஷயம். அண்ணாச்சி தன் வீட்டு வாசல் குழாய்க்கு வட்டம் போட்டு, உள்ளே மையும் அடைத்தார்.

தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி வந்தேன். கண்டக்டர்: "இன்னா பெர்சு, பட்டமா? காத்துல வுட்றாத."

பிப். 5, திங்கள்

படத்தைக் கூடத்துத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் புத்தகம் வைத்தேன். ஏதோ சரியில்லை. காப்பி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீனாட்சிதான், பெருக்கிக்கொண்டே: "ஏன், உங்க ஊரு ரயில் தாளு முடியிற இடத்துலயா ஓடுது?"

அதுதான். தண்டவாளம் தாளின் கீழ் விளிம்போடு விளிம்பாக ஓடுகிறது. அதற்குத் தெற்கே வெறும் தரை, எங்கள் கூடத்துச் சிவப்பு சிமெண்டு. இத்தனை பேர் வரைந்தார்கள், ஒருவர்கூட இன்னொரு தாளை ஒட்டச் சொல்லவில்லை. யாரும் யாரோடும் பேசி வைத்துச் செய்ததல்ல. குழாயைப் போலத்தான் இதுவும்.

பகலில் எழும்பூர் ஆவணக் காப்பகம் போய்ப் பழைய சர்வே படம் பார்த்தேன். நகராட்சி எல்லை தண்டவாளத்தைத் தாண்டி வெகுதூரம் தெற்கே போகிறது. அங்கே மூன்று தெருக்கள்: கூலி லைன், மாதாகோயில் தெரு, கல்குழித் தெரு. ரயில் பாதை போட்டபோது கல்லுடைக்க வந்தவர்கள் வேலை முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஸ்டேஷன், உயர்நிலைப் பள்ளி, சந்தைச் சுவர், அண்ணாச்சியின் அப்பா கட்டிய மச்சு வீடு, எல்லாமே அந்தக் கல்குழியிலிருந்து வந்த கல். ஊர் நிற்பதே அந்தக் கல்லில்தான். படத்தில் கல்குழி இல்லை.

நகராட்சி ஆண்டறிக்கையையும் புரட்டினேன். வரி உண்டா? உண்டு. குழாய்? ரயில்வே கேட் வரைக்கும்தான்.

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

பிப். 6, செவ்வாய்

கடைக்கே போனேன். கல்யாணப் புடவை எடுக்கும் கூட்டம். அண்ணாச்சி கல்லாவை விட்டு நகரவில்லை. நின்றுகொண்டே பேச்சு.

"சார்வாள், அது லைனுக்கு அந்தப் பக்கம்லா. அது எப்படி ஊராவும்?"

"வீட்டு வரி நகராட்சிக்குத்தானே கட்டுகிறார்கள்?"

"வரி கட்டினா ஊராயிருமா? தாளு பத்தலைன்னு வச்சுக்கிடுங்க. மந்திரி கையில கொடுக்கப் போற புஸ்தகம். எங்க அண்ணன்தான் முனிசிபல் சேர்மன், உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை நீங்க வரைஞ்சா, அங்க ஏன் குழாய் இல்லைன்னு மந்திரி கேப்பாரு. கேப்பாரா மாட்டாரா?"

"கேட்டால் நல்லதுதானே."

"உங்களுக்கு நல்லது. எங்க அண்ணனுக்கு?"

அந்தப் பாதி இல்லாமல் படம் இல்லை, படம் இல்லாமல் நூல் இல்லை, கைப்பிரதி என் மேசையில்தான் இருக்கிறது என்று சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. புடவை பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் மட்டும் திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சி எனக்கு ஒரு கலர் சோடா வரவழைத்தார். கோபம் வந்தால் அவர் செய்கிற உபசாரம் அது.

தைலம் மறந்துபோயிற்று.

பிப். 8, வியாழன்

அடையாறு. பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியை எஸ்தர். பிறந்தது பனைநேரி மாதாகோயில் தெருவில் என்று முன்பொரு கடிதத்தில் ஊர் போஸ்ட்மாஸ்டர் எழுதியிருந்தார். சங்கத்துக்கு வந்ததே இல்லை. பள்ளி விட்டதும் வேப்பமரத்தடியில் நின்று பேசினார். நாற்பது வயதிருக்கும். கையில் சுருட்டிய உலகப் படம்.

தாளைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். சுருட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"அழகா வரைஞ்சிருக்காங்க."

வேறு பேச்சு இல்லை. என்னிடம் பழைய நிருபர் தந்திரம் ஒன்று உண்டு. பேசாத ஆளிடம் கேள்வி கேட்கக் கூடாது, எதையாவது தப்பாகச் சொல்ல வேண்டும். தெரிந்தவனால் தப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. தாலுகா ஆபீஸ்களில் எத்தனையோ வாய்கள் அப்படித் திறந்திருக்கின்றன.

"கூலி லைன் ஆட்கள் எல்லாம் மில் வந்த பிறகு குடியேறியவர்கள், இல்லையா?"

அவர் சிரித்தேவிட்டார். "நான் திருத்தணும்னுதானே சார் தப்பாச் சொல்றீங்க? கிளாஸ்ல வாய் திறக்காத பிள்ளைங்ககிட்ட நானும் அதைத்தான் செய்வேன்."

மாட்டிக்கொண்டேன். பிறகு நேராகவே கேட்டேன்: தென்பாதியை எனக்காக வரைந்து தருவாரா?

"இங்க யாராவது ஊரு கேட்டா பனைநேரின்னு சொல்லுவேன். அதோட நின்னுரும். நீங்க படம் போட்டா, எந்தப் பக்கம்னு அடுத்த கேள்வி வரும். இத்தனை வருஷம் அந்தக் கேள்வி இல்லாம இருந்துட்டேன் சார்."

நியாயம்தான். அந்தத் தெருவில் அவருக்கு இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டேன்.

"அம்மா. குடத்தைத் தூக்கிட்டு கேட்ல நிப்பாங்க. கூட்ஸ் வண்டி போய் முடியணும். போகும்போது நிக்கணும், வரும்போதும் நிக்கணும்." கொஞ்சம் பொறுத்து, "இந்தப் பக்கத்துக் குழாய்ல, எல்லாரும் பிடிச்ச பிறகுதான் அவங்களுக்கு."

பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

பிப். 9, வெள்ளி

ஒன்றும் எழுதவில்லை. கபாலி கோயில் குளத்துப் பக்கம் போய்த் தைலம் வாங்கினேன். மீனாட்சி சொன்னாளென்று மீனுக்காக நொச்சிக்குப்பம் வரை நடை. மீன்காரம்மாவின் முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறேன் போல.

"இன்னா நைனா, மீனைப் பார்த்துக்கினே கீறே? வாங்குறியா, இல்ல அதுகிட்ட பேட்டி எடுக்கறியா?"

என் தொழில் அவளுக்கு எப்படித் தெரிந்தது? சங்கரா நன்றாக இருந்தது.

எஸ்தர் மறுத்தால் சர்வே படத்தை வைத்து நானே வரைவது. ஆனால் சர்வே படத்தில் வீடுகள்தான் இருக்கும். எந்தச் சந்தில் எந்த வாசல் என்று இருக்காது.

பிப். 10, சனி

எதிர்பார்க்கவில்லை. காலை வெயில் ஏறும் நேரத்தில் எஸ்தர் டீச்சர் வாசலில், குடையோடு. பையில் தாள், அளவுகோல், பென்சில் எல்லாம் அவரே கொண்டுவந்திருந்தார்.

நிபந்தனைகள்: (1) அவர் பெயர் எங்கும் வரக்கூடாது. (2) தெருக்களுக்கு அந்தத் தெரு ஆட்கள் வைத்த பெயர்தான், மற்றவர்கள் வைத்த பெயர் வேண்டாம். (3) குழாய் எங்கே நிற்கிறதோ அங்கே அதை எழுத்தில் போட வேண்டும்.

மூன்றாவதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தேன். "அண்ணாச்சி விடமாட்டார்."

"மத்ததெல்லாம் விடுவாரா?"

கூடத்தில் மண்டியிட்டு, எங்கள் தாளின் கீழே தன் தாளை ஒட்டி வரைந்தார். தண்டவாளம் நடுவுக்கு வந்தது. மூன்று தெருக்களும் அவற்றின் சொந்தப் பெயர்களோடு, மாதாகோயில், புளியமரம், சுடுகாட்டுப் பாதை, அந்த வண்டிப்பாதைக்கு மேற்கே கல்குழி, அதன் படிக்கல். அவர் கையில் தயக்கமே இல்லை. மீனாட்சி தோசை சுட்டுச் சுட்டுக் கொண்டுவந்தாள். டீச்சர் இடது கையால் அளவுகோலைப் பிடித்தபடி சாப்பிட்டார்.

முடிந்ததும் நான் ஒரு சுத்தப் பிரதி எடுத்தேன். அதில் கல்குழியை வண்டிப்பாதைக்குக் கிழக்கே போட்டேன். எட்டிப் பார்த்தவர், "மேற்கே சார்."

"தெரியும். நாளைக்கு மட்டும் அது கிழக்கே இருக்கட்டும்."

யாருக்காக என்று புரிந்துகொண்டார். போகும்போது வாசலில் நின்று, "மாட்டுவாரா?" என்றார்.

"ஊர்க்காரர் அல்லவா?"

பிப். 11, ஞாயிறு

தி.நகர். புழுக்கம். மின்வெட்டு, கடை மாடியில் விசிறி நின்றுவிட்டது. ஆளுக்கொரு அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

படத்தை விரித்தேன். தாள் இரண்டு மடங்கு ஆனதைப் பார்த்து, விசிறிக்கொண்டிருந்த அட்டைகள் நின்றன. அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன். அது ஊரு இல்ல. அந்தப் பக்கம் நம்மள்ல யாரு போனா வந்தா? யாருக்குத் தெரியும் அங்க என்ன இருக்குன்னு?"

காப்பியைக் குடித்தேன். அண்ணாச்சியின் கண் மட்டும் படத்தின் கீழ்ப்பாதியிலேயே இருந்தது. மேலே போனது. திரும்ப வந்தது.

"இது என்னது?"

"கல்குழி."

"கல்குழி வண்டிப்பாதைக்குக் கிழக்கயா இருக்கு? யாருவே வரைஞ்சா இதை? மேக்கலா இருக்கு! இறங்குதுக்கு ஒரு படிக்கல்லு, அதுக்கு மேல சாஞ்சாப்புல ஒரு வேம்பு. கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன். எங்கய்யாவுக்குத் தெரியாம நான் நீச்சல் படிச்ச இடம்லா அது!"

சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கே கேட்டது.

மூலையிலிருந்து மளிகைக்கடை சண்முகம்: "அப்போ அண்ணாச்சி ஊரைத் தாண்டி வெளிநாடு போயித்தான் நீச்சல் படிச்சீங்களோ?"

மாடி அதிர்ந்தது. கீழே இருந்து கணக்குப்பிள்ளை என்னவோ ஏதோவென்று ஏறி வந்துவிட்டார். அண்ணாச்சியும் சிரித்தார், கடைசியாக. நான் பென்சிலை நீட்டினேன். வாங்கிக் கிழக்கே இருந்ததை அடித்து, மேற்கே போட்டார். வேம்பையும் போட்டார். வேம்பு எங்கள் யாருக்கும் தெரியாது. எஸ்தர் டீச்சரும் சொல்லவில்லை, அவர் காலத்துக்கு முன்பே விழுந்திருக்கும்.

ஆக, தென்பாதி உண்டு. தீர்மானம்.

அப்புறம்தான் கேட்டருகே எழுதியிருந்ததைப் பார்த்தார்: "குழாய் இதுவரை."

"இது வேண்டாம் சார்வாள். படம் சரி. இந்த எழுத்து வேண்டாம். அண்ணன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

நியாயம் என்று ஒன்றுதான் என்னிடம் இருந்தது, அதைச் சொன்னேன்: இந்தப் படத்தில் குழாய்கள் இருக்கின்றன. இருந்தால் எங்கே முடிகிறது என்பதும் இருக்க வேண்டும். வேண்டாமென்றால் எல்லா வட்டத்தையும் அழித்துவிடலாம். ரப்பரை எடுத்து அண்ணாச்சி வீட்டு வாசல் குழாயில் வைத்தேன்.

"இருங்க, இருங்க!"

அது அவர் குரல் மட்டும் அல்ல. சண்முகம் தன் தெருக் குழாயை உள்ளங்கையால் மூடிவிட்டார். ஒருவரும் தன் குழாயை விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. ரப்பர் என் கையில், எல்லோர் கையும் படத்தின் மேல்.

அண்ணாச்சி என் கையிலிருந்த ரப்பரை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக: "சரி. எழுத்தை மட்டும் சின்னதாப் போடுங்க. கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவுக்கு."

நான் சரி என்று சொல்லவில்லை. தலையாட்டவும் இல்லை. படத்தைச் சுருட்டினேன்.

பிப். 12, திங்கள்

படத்தை மையில் எடுத்தேன். குழாய் எழுத்து அவர் கேட்டபடியே பொடியாக. எஸ்தர் டீச்சருக்கு ஒரு கார்டு: "மேற்கே திரும்பிவிட்டது. வேம்பு நின்றதாகத் தகவல், அம்மாவிடம் விசாரிக்கவும்."

மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. மீனாட்சிக்கு ஜலதோஷம்.

பிப். 13, செவ்வாய்

திருவல்லிக்கேணி, படங்களுக்கு அச்சு ப்ளாக் செய்கிற ஏழுமலையின் பட்டறை. அமில வாடை. துத்தநாகத் தகட்டில் ஒருமுறை அரித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது, அதனால் அவன் எப்போதும் தகடு போடுமுன் ஒருமுறை கேட்பான். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஷோக்கா கீது சார். இது இன்னா ஊரு?"

"பனைநேரி."

"ரயிலு ஊருக்கு நடுவுல போவுதா?"

"ஆமாம்."

விரலை ரயில்வே கேட்டருகே வைத்தான். "இந்த எழுத்து மட்டும் ரொம்பப் பொடியா கீது. மை ஏறினா அடைச்சுக்கும், ஒண்ணும் படிக்க முடியாது. எடுத்துடட்டா, பெர்சாக்கட்டா?"

"பெரிதாக்கு" என்றேன்.