வேலியில் நீ விட்ட இடைவெளி

இன்று அலுவலகப் பீரோவில் உன் சர்வே நோட்டைத் தேடி எடுத்தேன். நீ கண்ணை மூடி ஒரு வருஷமாகியும் அதில் உன் மூக்குப்பொடி வாசனை போகவில்லை. ஆனேக்கல் பக்கத்து மேய்ச்சல் வெளியின் படத்தில், தெற்கு எல்லையில், நான் ரப்பரால் தேய்த்த இடம் வெளுத்துக் கிடக்கிறது.

அங்கிருந்த வெளிமான்களைக் காப்பாற்றத்தான் நாம் இருவரும் வேலிக்கு அளந்தோம். ஒரு பக்கம் கல் குவாரி வெடி, இன்னொரு பக்கம் துப்பாக்கியோடு ஜீப்பில் வருகிறவர்கள். சுற்றிலும் கம்பி கட்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று மேலிடம் நினைத்தது, நானும் நினைத்தேன். நீ மட்டும் தெற்கே ஓர் இடைவெளி விட்டு, அதன் இரு முனையிலும் குறி போட்டு வரைந்தாய்.

"அந்தாண்ட மந்தையிலேர்ந்து வேற ஆண் கிடா வரணும்பா. இங்க இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. அடைச்சுட்டா, பொறக்கிற குட்டிக்கு அப்பனும் அவனே, தாத்தனும் அவனே."

"எல்லை மூடலேன்னா மேப்பை யாரு பாஸ் பண்ணுவா? வேண்டாம்பா, எதுக்கு வம்பு?" என்றேன்.

தொடங்கிய கல்லிலேயே வந்து முடியாத எல்லை நம் தொழிலில் பிழை. ஆபீசர் பார்ப்பதற்குள் உன் குறிகளை அழித்து, கோட்டைச் சேர்த்துவிட்டேன். இரண்டு நாள் நீ என்னோடு காபிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "உன் கோடு அழகா மூடிடுச்சு" என்று மட்டும் சொன்னாய். அது இன்னும் சுடுகிறது.

ஆறு மாதத்துக்கு முன் அங்கே போயிருந்தேன். ஒரு குட்டி முன்னங்கால் வளைந்து, நிற்கவே திணறியது. இந்த வருஷம் பிறந்ததில் அது ஒன்றுதான் மிச்சமாம்.

"வெடி போட்டா பயந்து ஓடிக் கம்பியில முட்டிக்குதுங்க சார். பொறக்கிறதும் தேற மாட்டேங்குது," என்றார் காவல்காரர்.

அன்றிலிருந்து வேலியைத் திறக்க மனு மேல் மனுவாக எழுதினேன். இன்று உத்தரவு வந்துவிட்டது. ஆனால் தெற்கே மந்தை மேய்ந்த இடத்தில் ஏதோ தொழிற்சாலைக்குக் கல் நட்டிருக்கிறார்கள். திறந்தால் வருவதற்கு அந்தப் பக்கம் ஒரு கிடாவாவது மிச்சம் இருக்கிறதா? பயமாக இருக்கிறது.

நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால், நான் அழித்த இடத்தில் உன் பென்சில் தடம் இன்னும் தெரிகிறது. நாளைக் காலை அதே இடத்தில் கம்பியை வெட்டச் சொல்லிவிட்டு, தெற்கே பார்த்தபடி நிற்பேன். ஒரு கிடா உள்ளே வரும்வரை உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது.